பொன்னாயி சொன்ன பதில்

வேப்பந்தட்டைப் பக்கம் உடல்நல ஆய்வுக்காக ஊர் ஊராகக் கேள்வித்தாளோடு அலைந்த கலைமணி, பொன்னாயியைப் பார்த்தது ஒரு பருத்திக்காட்டில். 2005, தை மாதம். கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பொன்னாயிக்கு நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"அக்கா, வேலை செய்ய முடியாத அளவுக்குச் சிரமம் இருக்கா?" தாளில் இருந்ததைக் கலைமணி அப்படியே படித்தாள்.

"சிரமம்னு உட்கார முடியுமா கண்ணு? எடுத்துத்தானே ஆவணும்."

"இருக்கு, இல்லைன்னு ஏதாவது ஒண்ணு சொல்லுங்கக்கா."

"அப்ப இல்லைன்னே போட்டுக்க."

கலைமணி 'இல்லை'யில் டிக் அடித்தாள். கண்ணால் பார்த்தது எதையும் சேர்த்து எழுதக்கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

அதே ஊரில் நிலபுலன் உள்ள சுந்தராம்பாள், மாடி ஏறினாலே களைப்பு என்று 'இருக்கு' போடச் சொன்னார். பதில்களுக்கு மதிப்பெண் போட்டு, அது கூடுதலாக வந்தவர்களுக்கு மட்டும் டவுனில் பரிசோதனைக்குச் சீட்டு வந்தது. சுந்தராம்பாளுக்கு வந்தது. பொன்னாயிக்கு வரவில்லை.

சித்திரையில் பெரம்பலூர் ஆபீஸில் ஆய்வாளர் அரங்கநாதன் கம்ப்யூட்டரில் விலகி விலகி ஓடிய இரண்டு கோடுகளைக் காட்டினார்.

"மத்த பதில்களை வச்சுப் பார்த்தா ரெண்டு தரப்புக்கும் ஒரே அளவு நோய்தான். ஆனா 'வேலை செய்ய முடியாத சிரமம்'ங்கற இந்த ஒரு கேள்விக்கு நிலம் உள்ளவங்க 'இருக்கு'ங்கறாங்க, கூலி ஆளுங்க 'இல்லை'ங்கறாங்க. கேள்வி ரெண்டு பேரையும் ஒரே மாதிரி அளக்கலை கலைமணி. இந்தக் கேள்வியை எடுத்துட்டு மறுபடி மதிப்பெண் போட்டா, இன்னும் நாப்பத்தோரு பேரைக் கூப்பிடணும்."

பட்டியலில் பொன்னாயி பெயர் இருந்தது. கலைமணி அன்றைக்கே சீட்டுகளோடு பஸ் ஏறினாள்.

வீட்டில் கணவன் பழனிவேல் மட்டும் இருந்தார்.

"அவ போயி பதினோரு நாள் ஆச்சும்மா. காட்டுலயே சாஞ்சுட்டா."

"அண்ணே, அக்காவுக்கு மூச்சு வாங்குனதை நான் பார்த்தேண்ணே. பார்த்துட்டும் இல்லைன்னு எழுதிட்டேன்."

"என்கிட்டயும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னா. கூடவே படுத்து எந்திரிச்ச நானே நம்பிட்டேனே" என்று பழனிவேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பட்டியலில் அடுத்த பெயர் பூமாலை. அதே தெரு. கல்லுடைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லைங்களே" என்றாள்.

கலைமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். டவுன் பஸ் வந்து நின்று, அவளைப் பரிசோதனைக்கு ஏற்றிவிடும்வரை அந்தக் கையை விடவில்லை.