பதினோராவது மாடி ஜன்னல்

ரோஹாய்டாவும் ஹம்தானும் சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் அந்தப் பழைய அடுக்குமாடி வீட்டை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மற்ற வேலையெல்லாம் முடிந்தும் ஜன்னல் மட்டும் முடிவாகவில்லை. கதவுபோல வெளிப்பக்கம் திறக்கும் கேஸ்மென்ட் ஜன்னல்தான் வேண்டும், முழுக் காற்றும் உள்ளே வரும் என்றான் ஹம்தான். பாதிதான் திறக்கும் என்றாலும் அவளுக்குப் பக்கவாட்டில் நகரும் ஜன்னல் போதும். பதினோராவது மாடியில் அந்தரத்தில் தொங்குகிற கண்ணாடியை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"உனக்கு லிஃப்ட்ல ஏறவே பயம். ஜன்னலே இல்லாம சுவர் வச்சிடலாமா?" என்று அவன் கேலி செய்துவிட்டு வேலைக்குப் போனான்.

அன்று மதியம் அவள் மிளகாய்ச் சம்பல் வதக்கினாள். நெடி போகச் சமையலறையின் பழைய கேஸ்மென்ட் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். ஒன்றரை மணிக்கு வானம் கறுத்து, ஒரே வீச்சாகக் காற்று அடித்தது. அவள் ஓடிவந்து ஜன்னலை இழுத்தாள். மேலே ஏதோ தெறித்தது. ஜன்னல் கதவைத் தாங்கிய மேல்பட்டையின் ரிவிட் ஆணிகள் அறுந்து, கண்ணாடியோடு கதவு வெளிப்பக்கம் சாய்ந்தது. கீழ்ப்பட்டை ஒன்றுதான் மிச்சம். அதுவும் வளைந்துகொண்டிருந்தது.

அவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். உள்ளே இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நேர் கீழே நடைபாதை. பள்ளி விட்டு வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் குடை பிடித்து வந்துகொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி! கியோக் ஹோங் ஆன்ட்டி!"

அடுத்த வீட்டுக்காரி வாசல் கம்பிக்கதவுக்கு வெளியே வந்து நின்றாள். கதவு பூட்டியிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஜன்னல் விழப் போகுது. கீழ பிள்ளைங்க வருது, போய் நிறுத்துங்க. எனக்கு ரொம்ப நேரம் தாங்காது."

அந்த அம்மா உடனே திரும்பினாள். செருப்புச் சத்தம் லிஃப்ட் பக்கம் ஓடியது.

அதன்பின் ரோஹாய்டாவுக்கு நேரமே நகரவில்லை. மழை முகத்தில் அறைந்தது. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. கைப்பிடி விரலுக்குள் வழுக்க வழுக்க, வாய் தெரிந்த துஆவையெல்லாம் பாதிப் பாதியாகச் சொன்னது. பாதையில் கியோக் ஹோங்கின் மஞ்சள் குடை நடுவில் வந்து நின்று பிள்ளைகளை ஒரு பக்கமாக ஒதுக்குவது தெரிந்தது. எல்லோரும் விலகிவிட்டார்களா, கட்டடத் தூணுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா, அது தெரியவில்லை. அவள் விடவில்லை. கீழ்ப்பட்டைதான் விட்டது.

சத்தம் கேட்கும்வரை அவள் மூச்சு விடவில்லை. கேட்ட பிறகு எட்டிப் பார்க்கத் துணிவில்லை. தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். கியோக் ஹோங் நனைந்தபடி திரும்பி வந்து, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

சனிக்கிழமை ஹம்தானும் அவளும் ஜன்னல் கடைக்குப் போனார்கள். கேஸ்மென்ட்டில் தப்பில்லை, பழைய அலுமினிய ரிவிட்டுதான் அறுந்தது, இப்போதெல்லாம் துருப்பிடிக்காத எஃகு போடுகிறோம் என்று கடைக்காரர் விளக்கினார். சொன்னது நியாயம் என்று ரோஹாய்டாவுக்கும் பட்டது. மாதிரி ஜன்னலின் கைப்பிடியில் கை வைத்தாள். அது தரையில் ஊன்றி நின்ற ஜன்னல்தான். இருந்தும் உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"நகர்ற ஜன்னலே போடுங்க. அது தடத்த விட்டு வெளிய வந்துடாதே?"

வராது என்று அவர் இழுத்துக் காட்டினார். இன்னொரு முறை காட்டச் சொன்னாள். அதன்பிறகும் ஒரு முறை.

"பாதிக் காத்து போதும் எனக்கு," என்றான் ஹம்தான் மெதுவாக.

புது ஜன்னல் மாட்டிய அன்று கியோக் ஹோங் பார்க்க வந்தாள். ஜன்னலைத் தொடாமல் தள்ளி நின்று, கடைக்காரரின் நம்பரைக் கேட்டாள்.

"அன்னிக்குக் கீழ நின்னு மேல பாத்தேன் ரோஹா. உன்னோடதுக்குப் பக்கத்துலயே என் ஜன்னலும் ஆடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு நேர் கீழதான் பிள்ளைங்கள நிக்க வச்சிருந்தேன்."