காலை வந்துச்சா?

ஏணி என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மேடைக்கு மேலே எல்.ஈ.டி விளக்குகளைக் கட்டுகிறவனுக்கு ஏணியின் மேல்தான் குடித்தனம் என்று ஆகிவிட்ட பிறகு, அந்தப் பெயரை யார் தேடப் போகிறார்கள்? அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு சின்ன மேசை முன் உட்கார்ந்து அந்த விளக்குகளை ஓட்டுகிறவர் அவனுடைய அக்காவின் கணவர். ஏணிக்கு மாமா. பாராட்டெல்லாம் மாமாவுக்கு, கைக்காய்ப்பெல்லாம் இவனுக்கு.

சும்மா சொல்லக்கூடாது, மாமாவின் கை அப்படி. பழைய கன்ட்ரோலரில் மேலும் கீழும் தள்ளுகிற ஸ்லைடர்கள் இருந்தன. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. சிவப்பின் தலையில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருந்தார், பச்சையின் தலையில் உப்புத்தாள் துண்டு ஒட்டியிருந்தார், நீலத்தை மொழுக்கென்று விட்டிருந்தார். கன்ட்ரோலரைக் குனிந்து பார்க்கவே மாட்டார். கண் மேடையில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். "பாருய்யா, பாக்காமலே போடுறாரு!" என்று நாடகக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள்.

பார்த்து மட்டும் என்ன ஆகப் போகிறது? மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. இது தெரிந்தவர்கள் அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கும் அக்காவும் ஏணியும் மட்டுமே. விளக்குக்காரனுக்கே நிறம் தெரியாது என்று வெளியே போனால் தொழில் அம்பேல். அதனால் எந்த நிறத்துக்கு எந்த ஸ்லைடர் எவ்வளவு உயரம் என்று ஒத்திகையிலேயே விரலுக்குப் பாடம் பண்ணி வைத்துக்கொள்வார். நாடகம் தொடங்கியதும் ஏணி இறங்கி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்வான். காட்சி மாறும்போதெல்லாம் மாமா உதடு அசையாமல் கேட்பார்: "வந்துச்சா மாப்ளே?"

"வந்துடுச்சு மாமா."

கொஞ்சம் பிசகியிருந்தால், "சிவப்பு ஏத்துங்க" என்பான். அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமாகி வந்த புதிதிலிருந்தே அவர் மனிதர்களில் அதிகம் நம்பியது மச்சினனின் கண்களைத்தான்.

அந்தப் பழைய கன்ட்ரோலர் ஒருநாள் படுத்துவிட்டது. புதிதாக வாங்கியிருந்த சுழலும் விளக்குகளுக்கும் அது ஈடு கொடுக்கவில்லை. மாமாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். "நீயே போய் எடுத்துட்டு வா மாப்ளே, உனக்குத் தெரியாததா?" என்று போர்வைக்குள்ளிருந்தே சொல்லிவிட்டார்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் சின்னத் திரையும் ஸ்லைடர்களும் இருந்தன. மற்றது முழுக்கக் கண்ணாடி. வட்டமாக ஒரு நிறச்சக்கரம், விரலால் தொட்ட இடத்தின் நிறம் விளக்கில் எரியும்.

"ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யும். விலையும் ஏறக்குறைய ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். "யாரு ஓட்டப் போறது?"

"நான்தான்" என்றான் ஏணி.

அவன் யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருத்தியிருக்கலாமே, யார் கையைப் பிடித்தார்கள்? திருத்தவில்லை. அந்தக் கண்ணாடியில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தான், கடைச் சுவரில் மாட்டியிருந்த விளக்கில் விடிந்து அடங்கியது. எத்தனை காலம் ஏணி மேலேயே தொங்கிக்கொண்டிருப்பது, நானும் ஒருநாள் உட்கார வேண்டாமா என்று மனசு துள்ளியது. கண்ணாடியையே வாங்கிக்கொண்டு வந்தான்.

மாமா அதைத் தடவிப் பார்த்தார். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. "ஸ்லைடர் வச்சது கிடைக்கலையா?"

"இப்ப எல்லாமே இப்படித்தான் மாமா."

"சரி, பழகிக்கலாம்" என்றார். பாவம், பழகவும் செய்தார். எல்லாக் காட்சிகளையும் ஏணியைக் கேட்டுக் கேட்டு முன்கூட்டியே பதிந்து வைத்தார். நாடகத்தன்று பொத்தானை அமுக்கினால் போதும். விடிகிற காட்சியை மட்டும் அப்படிப் பதிய முடியாது. மகள் வீட்டை விட்டுப் போகிறாள், தாய் வாசலில் நிற்கிறாள், மெல்ல விடிகிறது. தாயாக நடிப்பவள் அங்கே எவ்வளவு நேரம் நிற்பாள் என்பது அவளுக்கே தெரியாது. அவள் மூச்சைப் பார்த்துக் கையால்தான் ஏற்ற வேண்டும்.

நாடகத்தன்று மாமா அப்படித்தான் ஏற்றினார். கண்ணாடியில் விரலுக்குப் பிடிமானம் ஏது? மஞ்சளுக்குப் போக வேண்டிய விரல் ஒரு நகக்கண் அளவு தள்ளிப்போய் நின்றது. தாயின் முகம் பச்சையடித்துப் போயிற்று. பெற்ற வயிறு எரிய நிற்க வேண்டியவள், பேருந்தில் குமட்டிக்கொண்டு வருகிறவளைப் போல நின்றாள்.

"வந்துச்சா மாப்ளே?"

ஏணி பார்த்தான். நன்றாகவே பார்த்தான். சிவப்புப் பக்கம் நகர்த்துங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

"வந்துடுச்சு மாமா" என்றான்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. மாமாவின் விரல் கண்ணாடியின் மேலேயே நின்றது, எந்தப் பக்கம் போவதென்று அதற்குத் தெரியவில்லை. அவர் திரும்பி ஏணியைப் பார்க்கவில்லை.

திரை விழுந்ததும் டைரக்டரம்மா வந்தார். கோபக்காரி என்றாலும் மரியாதை தெரிந்தவர். "அண்ணே, ஓய்வா இருங்க. இனிமே தம்பியே போடட்டும்" என்றார். மாமா தலையாட்டினார். ஏணிக்கு நாற்காலி கிடைத்துவிட்டது.

கிடைத்து என்ன? அதில் உட்கார்ந்தாலே முள்மேல் இருப்பதாக இருந்தது. அந்த வயதில் மாமா ஏணியில் ஏறி விளக்குக் கட்டினார். கீழே இறங்கி வயர் சுருட்டினார். சுருட்டும்போது கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வந்துச்சா?" என்று கேட்க இப்போது யாரும் இல்லை. ஏணி போட்ட நிறங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, ஆனாலும் பாழாய்ப்போன மனசு ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனால் அது அதைவிடக் கொடுமை. "ஏன்டா, மாமா வீட்ல வாயே திறக்க மாட்டேங்கிறாரு. உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" என்று தட்டில் அள்ளி வைத்துக்கொண்டே கேட்டாள். "உங்கிட்ட மட்டுந்தான்டா அவரு மனசு விட்டுப் பேசுவாரு."

"வேலை அலுப்புக்கா" என்று மென்று முழுங்கினான். சே, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டான், மனசுக்குள்தான்.

மறுநாளே கடைக்கு ஓடினான். அதே கண்ணாடிக் கன்ட்ரோலரோடு இணைக்கிற ஸ்லைடர் பெட்டி ஒன்று தனியாகக் கிடைத்தது. அப்படியே டைரக்டரம்மாவிடம் போய், "அன்னிக்குக் கோளாறு கன்ட்ரோலர்லம்மா, மாமா மேல தப்பில்ல. இதே நாடகத்த அடுத்து போடுறப்ப அவரே ஓட்டட்டும்" என்று கெஞ்சினான். அதிலும் பாதிதானே உண்மை. அவர் புருவத்தைத் தூக்கினார், பிறகு சரி என்றார்.

நாடகத்தன்று மதியம், காலி அரங்கில், ஏணி பெட்டியை மாமா முன்னால் வைத்தான். ரப்பர் வளையமும் உப்புத்தாளும் தானே பார்த்துப் பார்த்து மாட்டியிருந்தான். மாமாவின் விரல்கள் மெல்ல ஊர்ந்தன.

"ரப்பரப் பச்சைல மாட்டியிருக்க மாப்ளே. அது சிவப்புக்கு."

இவ்வளவு காலம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கழற்றி மாற்றினான். அப்படியே சொல்லியும் விட்டான்: "மாமா, அன்னிக்குக் கடைல ஸ்லைடர் வச்சதும் இருந்துச்சு. நான்தான் வேணும்னே இத எடுத்தேன்."

"தெரியும். காய்ச்சல் விட்டதும் கடைக்குப் போன் போட்டேன். அவரு சொன்னாரு."

"ஏன் மாமா ஒரு வார்த்த கேக்கல?"

"நாற்காலில உக்காரணும்னு ஆசை இருக்காதா? எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சு. அது போகட்டும் விடு." மாமா சிவப்பு ஸ்லைடரை ஏற்றினார், இறக்கினார். பிறகு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "வேற ஏதாச்சும் சொல்லணுமா மாப்ளே?"

ஏணியின் வாய்வரை வந்தது. அன்னிக்குப் பச்சையா இருந்துச்சு மாமா, எனக்குத் தெரிஞ்சுது, தெரிஞ்சேதான் சொன்னேன். மாமா காத்திருந்தார். அவசரமே இல்லாமல் காத்திருந்தார்.

"இல்ல மாமா."

"சரி" என்றார் மாமா. ஸ்லைடர்களைத் துணியால் துடைத்து வைத்தார்.

நாடகம் தொடங்கியது. அரங்கு நிறைந்திருந்தது. மாமா தன் பழைய நாற்காலியில், ஏணி பக்கத்தில். காட்சிகளுக்கிடையே பேசிக்கொள்ள இருவர் காதிலும் ஹெட்செட், மேடை ஓரத்தில் நின்ற டைரக்டரம்மா காதிலும் ஒன்று. பதிந்து வைத்த காட்சிகள் ஒவ்வொன்றாக ஓடின. மாமா எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, பொத்தான்தானே என்று ஏணி தேற்றிக்கொண்டான்.

விடிகிற காட்சி வந்தது. மகள் பெட்டியைத் தூக்கினாள். தாய் வாசலில் நின்றாள். மாமாவின் விரல்கள் ரப்பரையும் உப்புத்தாளையும் பிடித்து மெல்ல ஏற்றின. தாயின் நெற்றியில் வெளிச்சம் படர்ந்தது. இந்த முறை இம்மியும் பிசகாமல் சொல்லிவிட வேண்டும், உயிரே போனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஏணி கண்ணை இமைக்காமல் பார்த்தான். மாமா பக்கம் சாய்ந்து, கேள்விக்காகக் காதைக் கொடுத்தான்.

மாமா ஹெட்செட்டின் மைக்கை வாய்க்கருகே இழுத்தார்.

"அம்மா, எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. பொறந்ததுலருந்தே அப்படித்தான். காலை வந்துச்சான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

வாழ்நாளெல்லாம் பொத்திப் பொத்தி வைத்ததை, ஏதோ நேரம் கேட்கிறவர்போலச் சொல்லிவிட்டார். ஹெட்செட்டில் டைரக்டரம்மாவின் குரல், அவர் அதுவரை யாரிடமும் பேசியிராத மெல்லிய குரல் வந்தது.

"சிவப்ப இன்னும் துளி ஏத்துங்கண்ணே... இன்னும்... போதும். வந்துடுச்சு."

அதையே சொல்வதற்காகத் திறந்திருந்த வாயை ஏணி மூடிக்கொண்டான்.