ஈர மண்

"ஊத்தாதேக்கா, அது ஏற்கெனவே—"

"எலையெல்லாம் சுருங்கிக் கெடக்கு, கண்ணு தெரியலையாடி உனக்கு—"

"தாகத்துல சுருங்கலன்னு சொல்றேன். டம்ளரைக் கீழ வை."

"செடிக்கும் நீதான் டாக்டர், அம்மாவுக்கும் நீதான் டாக்டர்," என்றாள் பெரியவள். "தண்ணி குடுக்காம காயப்போடறதுதான் உன் வைத்தியம்."

காலையில்தான் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். கட்டிலில் விரிப்புகூட இன்னும் மாற்றவில்லை.

சின்னவள் ஜன்னல் திட்டிலிருந்து அந்தச் சின்னத் தொட்டியை எடுத்தாள். கள்ளி போலத் தண்ணீர் அதிகம் வேண்டாத சதைப்பற்றுச் செடிகளை வளர்த்துப் பூக்கடைகளுக்குக் கொடுப்பது அவள் பிழைப்பு. இடம் போதாமல் சில தொட்டிகள் அம்மாவின் அறைக்கும் வந்திருந்தன. அடி இலையைத் தொட்டதும் அது கையோடு வந்தது. காய்கிற செடி இலையை இப்படி விடாது. தண்டை அழுத்தினாள்; கொழகொழவென்று உள்ளே போனது. கவிழ்த்தாள். கறுத்த வேர், ஈர மண், அழுகல் வாடை.

"நான் ஊத்தி ரொம்ப நாளாச்சு. இது யாரு வேலை?"

"நான்தான். அம்மாவைப் பாக்க வந்ததுலேருந்து தினம் ஊத்தறேன். பாக்கப் பாவமா இருந்துச்சு."

சின்னவள் கத்தியைத் துடைத்துத் தண்டை வெட்டினாள். நடுவில் பழுப்பு. சற்று மேலே வெட்டினாள். அங்கேயும் பழுப்பு. சுத்தமான பச்சை வரும்வரை வெட்டி, காயவைத்து நட்டால் பிழைக்கும்.

அம்மாவுக்கு இதயம் பலவீனம். குடிக்கிற தண்ணீரெல்லாம் நுரையீரலில் தேங்கும், அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா கெஞ்சுவாள், திட்டுவாள். சின்னவள் பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பாள். அக்கா வந்த பிறகு அம்மா தண்ணீர் கேட்பதையே விட்டுவிட்டாள். சின்னவளுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

கத்தி நின்றது.

"அக்கா, அம்மாவுக்கு?"

பெரியவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"கேட்டாங்கடி. நீ கடைக்குப் போனப்பல்லாம் கேட்டாங்க. பெத்தவ கேட்டு இல்லைன்னு சொல்ல நான் உன்னை மாதிரி கல்லு இல்ல."

சின்னவள் மறுபடி வெட்டினாள். இன்னும் ஒரு துண்டு. கையில் மிஞ்சியது நுனி மட்டும். பச்சை வரவில்லை.

"கடைசியா என் கையப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? 'என்னை மறுபடி அவகிட்ட விட்டுட்டுப் போயிடாதடி'ன்னாங்க."