ஜீரோ டவுன்டைம்

ஆலோசகர் வந்த அன்றே அவள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டாள். வாயைத் திறந்தால் 'ஜீரோ டவுன்டைம்'. எதை மாற்றினாலும் இணையப் பக்கம் ஒரு நொடிகூட நிற்காதாம். அதனால் மனசுக்குள் அவர் வெறும் ஜீரோ, வெளியில் சார்.

அவள் அந்த மருத்துவமனையின் சர்வர்களைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள். "மருமக ஆஸ்பத்திரியில சர்வர் வேலை பாக்குறா" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவைத்ததில், அவள் கேன்டீனில் தட்டு எடுக்கிறாள் என்று உறவில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். யோசித்தால் அது பெரிய பொய்யும் இல்லை. யாரோ கேட்கிறார்கள், எடுத்துக் கொடுக்கவேண்டும். இங்கே கேட்கிறவர்கள் நோயாளிகள், கொடுப்பது பரிசோதனை ரிப்போர்ட். ஒரு நோயாளிக்கு எத்தனை வருடமானாலும் மாறாத பதிவு எண்ணைத் தட்டினால் ரிப்போர்ட் வந்து நிற்கும் அந்தப் பக்கம், முன்பு போர்வை அடுக்கிவைத்திருந்த ஒரு சின்ன அறையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

அதைப் பரிமாறும் வெப் சர்வர் மென்பொருள் அரதப் பழசு. புது வெர்ஷன் போடவேண்டும் என்று இரண்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவள் அவள்தான். அப்போதெல்லாம் செவிடாக இருந்த நிர்வாகத்துக்கு, ஜீரோ நாற்பது சிலைடு போட்டுக் காட்டியதும் பளிச்சென்று காது கேட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்று நாளும் குறித்தாயிற்று.

"செவ்வாய் வேண்டாம் சார், புதன் வச்சுக்கலாமே" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஏன் மேடம், சைட் நிக்கப்போறதே இல்லையே" என்றார் ஜீரோ.

காரணத்தை அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அண்ணியின் கழுத்தில் போன வருடம் ஒரு கட்டி வந்தது. சதை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். இந்த வருடம் அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறது. அந்த ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பக்கத்தில் ஏறும். அவள் நினைத்தால் உள்ளேயிருந்தே திறந்து பார்த்துவிடலாம். ஆனால் யாருடைய ரிப்போர்ட்டையும் ஊழியர்கள் திறக்கக்கூடாது என்று விதி எழுதி ஒட்டியதே அவள்தான்.

செவ்வாய்க்கிழமை ஜீரோ கீபோர்டைத் தட்டத் தொடங்கினார். ஒரு கட்டளை அடிப்பார், நாற்காலியில் சாய்வார், ஏதோ மலையைப் புரட்டியவர் மாதிரி கழுத்தை நெட்டி முறிப்பார். பத்தரைக்கு அண்ணன் போன் பண்ணினான். அவள் வராந்தாவுக்குப் போய்ப் பேசினாள். நாலே நிமிஷம்தான். திரும்பி வந்தபோது திரையில் இரண்டு வரிகள் இருந்தன. புது அமைப்பைச் சோதித்துப் பார்க்கும் கட்டளையின் பதில் அது. மேல் வரி நீளமாக இருந்தது. கீழ் வரி, சோதனை வெற்றி என்றது. அவள் மேல் வரியைப் படிப்பதற்குள் ஜீரோ திரையைத் துடைத்துவிட்டு சர்வரை மறுபடி கிளப்பினார். பக்கம் ஜம்மென்று திறந்தது.

"ஒரு செகண்டுகூட நிக்கல, பாத்தீங்கள்ல" என்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

பதினொன்று ஐந்துக்கு மறுபடி அண்ணன். "பாப்பா, வந்துருச்சு. ஒண்ணுமில்லையாம். கடைசில தெளிவாப் போட்டிருக்கான்." அவன் குரல் உடைந்தது. பின்னால் அண்ணி, "நான்தான் அப்பவே சொன்னேன்ல, சும்மா எல்லாரையும் பயமுறுத்திக்கிட்டு" என்று சிரித்தபடி அவனை ஏசிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு நிமிஷம் ஜீரோவின் அத்தனை அலட்டலையும் மன்னித்துவிட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் அந்தச் சோதனைக் கட்டளையை இன்னொரு முறை அடித்தாள். மேல் வரியை இந்த முறை படித்தாள். ஒரே இணையப் பக்கத்தின் பெயருக்கு இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடுகின்றன, இரண்டாவது புறக்கணிக்கப்பட்டது என்றிருந்தது. ஃபோல்டரைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, பெயருக்கு முன்னால் மூன்று பூஜ்ஜியம் ஒட்டிக்கொண்டு, போன வருடம் அவள் ஓரங்கட்டிவைத்த பழைய அமைப்புக் கோப்பு உட்கார்ந்திருந்தது. ரிப்போர்ட்டுகள் புது டிஸ்க்குக்கு மாறுவதற்கு முந்தையது. அது காட்டும் இடத்தில் போன வருட ரிப்போர்ட்டுகள் மட்டுமே இருக்கும்.

"அண்ணா, மேல என்ன தேதி போட்டிருக்கு?"

"தேதியா? போன வருஷம்னு இருக்கு. டைப் பண்ணவன் தூங்கிட்டே அடிச்சிருப்பான். அத விடு பாப்பா."

"லைன்லயே இரு" என்றாள். பிறகு ஜீரோ பக்கம் திரும்பினாள். "சார், இந்தக் கோப்பு இங்க எப்படி வந்துச்சு?"

"அதுவா, பேக்கப் மேடம். தனியாக் கெடந்துச்சு. மேலயே இருந்தா ஈசியாக் கெடைக்கும்னு ஜீரோ போட்டு வச்சேன்."

"சர்வருக்கும் ஈசியாக் கெடைச்சிருச்சு சார். இந்த ஃபோல்டர்ல எதப் போட்டாலும் அது படிக்கும். வரிசைல மொதல்ல வர்றவன் சொல்றதத்தான் கேக்கும்."

"டெஸ்ட் சக்சஸ்னு வந்துச்சே."

"அதுக்கு மேல ஒரு வரி வந்துச்சு."

"இருக்கட்டும் மேடம். சைட் நிக்கலையே?"

நின்று தொலைத்திருந்தால் எவ்வளவோ தேவலை. நின்ற பக்கம் யாரிடமும் பொய் சொல்லாது. இது ஒரு நொடியும் நிற்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் போன வருடத்து உடம்பை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. இந்த மனுஷனுக்கு அது கடைசிவரை உறைக்கப்போவதில்லை.

கோப்பை வெளியே நகர்த்தினாள். சோதித்தாள். இப்போது ஒரே வரிதான் வந்தது. அமைப்பை மறுபடி படிக்கச் சொல்லும் கட்டளையை அடித்துவிட்டு, எண்டர் மேல் விரலை வைத்தாள். விரல் இறங்கவில்லை. போனில் அண்ணி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, கிறுக்குப்பயல் செய்த வேலை சரியாகவே இருந்திருக்கக்கூடாதா என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாலு நிமிஷம் வெளியே போகாமல் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பே வந்திருக்காது. ஆனால் இதே நேரத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் கடைசி வரியை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறார்களோ.

எண்டரை அழுத்தினாள்.

"அண்ணா, பக்கத்த மூடிட்டு மறுபடி தொற."

"எதுக்கு பாப்பா? சரி, இரு." தட்டும் சத்தம் கேட்டது. "ஆமா, இப்ப இன்னைக்குத் தேதி வந்திருக்கு. சரி பண்ணிட்டாங்க போல. பேரு சரியா இருக்கு, வயசு சரியா இருக்கு..."

அவன் படித்துக்கொண்டே கீழே போனான். பிறகு குரல் நின்றுபோயிற்று. "என்னங்க?" என்று அண்ணி கேட்டாள். அவன் மறுபடி மேலே போய்ப் பெயரிலிருந்து படிக்கத் தொடங்கினான்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஜீரோ நிர்வாக அதிகாரியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "முடிஞ்சுது சார். ஒரு செகண்டுகூட நிக்கல."