கேள்விக்கு மட்டும் அனுமதி

பர்மாவில் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊர் நடப்பைக் கிண்டலடித்துப் பாடும் தன்ஜாட் பாட்டில், கேள்வியை மட்டும்தான் எழுதுவது வழக்கம். முன்னால் மைக் பிடித்து நிற்பவர் கேட்பார். பின்னால் நிற்கிற கூட்டம் மேளத்தோடு பதில் சொல்லும். காரமெல்லாம் பதிலில்தான் இருக்கும், அதனாலேயே அது காகிதத்தில் ஏறாது. ஷ்வேகான் பேட்டையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ப்யே சோன் அங்கே பெண்ணெடுத்து வந்தவன், குழுவுக்குப் புதியவன். திருவிழாவுக்கு முன்னால் பாட்டை அரசு அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்றதும், ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் பதிலைச் சேர்த்து, பிழையில்லாமல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டான்.

மா தின்சாவுக்கு இது தெரிந்தது, அதிகாரி ஊ தேய்ன் ஹானின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்த பிறகு. அவள் பேட்டையில் தையல்கடை வைத்திருப்பவள். மேடையில் கேள்வி கேட்பவளும் அவள்தான்.

“இந்த ‘சேர்மன் மச்சான்’ யாரு?” என்று வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார் அதிகாரி.

 ‘ஸயா’ என்று மரியாதை வைத்தே பதில் சொன்னாள் தின்சா.

“எல்லா ஊர்லயும் ஒரு சேர்மன் இருக்காரு, ஸயா. எல்லா சேர்மனுக்கும் ஒரு மச்சான் இருப்பான்ல?”

“நல்லாத்தான் பேசுற. அந்த வாய் தையல் மெஷினோட நின்னா உனக்கு நல்லது.”

மழைக்காலத்தில் கவிழ்ந்த அக்கரைப் படகைப் பற்றிய பாட்டு அது. படகு பேட்டைச் சேர்மனின் மச்சானுடையது. உளுத்த பலகைக்குப் பச்சைச் சாயம் பூசி, கொள்ளாத கூட்டத்தை ஏற்றி ஓட்டினான். ‘இயந்திரக் கோளாறு, உயிர்ச்சேதம் இல்லை’ என்று அறிவிப்பு வந்தது. பத்திரிகைகள் அதையே அச்சடித்தன. போனில் வேறு மாதிரி எழுதிய இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். திரும்பி வந்தவர்கள் அதன்பிறகு எதுவும் எழுதவில்லை. ஆனால் பேட்டையில் சாவு விழாத சந்து கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்ல மிச்சமிருந்தது திருவிழா மேடை ஒன்றுதான்.

ஊ தேய்ன் ஹான் சிவப்புப் பேனாவை எடுத்து, பதில்களை மட்டும் ஒவ்வொன்றாக அடித்தார். கேள்விகளைத் தொடவில்லை.

“கேள்வி இருந்துட்டுப் போகட்டும். பாட்டையே நிறுத்திட்டாங்கன்னு யாரும் சொல்லக்கூடாது பாரு. ஆனா மேடையில இருந்து ஒரு பதில் கேட்டுச்சோ, குழு கலைஞ்சுது. மைக் பிடிச்சவ ஜெயிலுக்கு. புரியுதா?”

“புரியுது, ஸயா.”

அன்று சாயங்காலம் ஒத்திகைக் கொட்டகையில் ப்யே சோன் தலையைத் தூக்கவே இல்லை.

“எனக்குத் தெரியாதுக்கா. முழுசா இருந்தாத்தானே மரியாதைன்னு நெனச்சேன்.”

“பூனைக்கு மீன் கொடுக்கிறவன் முள்ளையும் எடுத்துட்டுக் கொடுத்தானாம்” என்றார் மேளக்காரர் கோ தூரா. “மாப்பிள்ளை, அடுத்த வருஷம் அவங்க வீட்டுக்கே போய்ப் பாடிட்டு வந்துடு.”

எல்லோரும் சிரித்தார்கள். ப்யே சோனும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

அடித்த பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்த தின்சாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. “கேள்விக்கு அனுமதி இருக்குல்ல? கேப்போம். பதில் வர்ற இடத்துல மேளம் மட்டும் அடிச்சுட்டு நிப்போம். ஊருக்கே தெரிஞ்ச பதில்தானே? ஊர் சொல்லட்டும்.”

“ஊரையே பிடிச்சுப் போட ஜெயில் ஏது?” என்று தொடையில் தட்டினார் கோ தூரா. கொட்டகை கலகலத்தது. இப்படியொரு வழி தனக்குத் தோன்றியதில் தின்சாவுக்குப் பெருமைதான்.

திருவிழா அன்று பேட்டை முழுக்க நனைந்து கிடந்தது. பெண்கள் கொண்டையில் வேங்கைப்பூ மஞ்சளாகத் தொங்கியது. வெல்லம் வைத்த அரிசி உருண்டையைக் கிண்ணம் கிண்ணமாக நீட்டினார்கள். எதிலோ விளையாட்டுக்கு வெல்லத்துக்குப் பதில் பச்சைமிளகாயை வைத்திருந்தார்கள் போல, ஒருவர் கண்ணில் நீர் வழியத் துப்பிக்கொண்டிருந்தார். மேடைக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. ஓரத்து நாற்காலியில் ஊ தேய்ன் ஹான், சிவப்புக் கோடு போட்ட காகிதத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் கேமராவோடு ஒரு போலீஸ்காரன்.

தின்சா மைக்கைப் பிடித்தாள்.

“அம்பது பேரு ஏறுற படகு — அதுல
அன்னிக்கு ஏறினது எத்தனை பேரு?”

கோ தூராவின் மேளம் மூன்று அடி அடித்து நின்றது. பின்வரிசை வாயை மூடி நின்றது.

கூட்டத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. காலிக் கிண்ணத்தை யாரோ கீழே வைத்தது மேடை வரைக்கும் கேட்டது. சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒரு தகப்பன் தோளில் இருந்த பிள்ளையை இறக்கி வாயைப் பொத்தினான். அப்போதுதான் தின்சா கவனித்தாள். கேமரா மேடையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது, முகம் முகமாக.

 ஊரையே பிடிக்க ஜெயில் கிடையாது, சரி. முதலில் வாய் திறக்கிற ஒருவரைப் பிடிக்க இருக்கிறதே. தன் தலைக்கு வந்ததை நைசாக ஊர்த் தலையில் இறக்கிவைத்துவிட்டு, அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருக்கிறாள்.

நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் ‘உயிர்ச்சேதம் இல்லை’ என்பதே மெய்யாகிவிடும். இரண்டாவது கேள்வி வாயிலிருந்து தானாக வந்தது.

“உளுத்துப்போன பலகைக்கெல்லாம் — பச்சை
மெழுகிப் பூசினது யாரு, யாரு?”

மேளம் அடித்து நின்றது. முன்வரிசையில் மியா யின் நின்றிருந்தாள், சந்தையில் மீன் விழுது விற்கிறவள். அவள் புருஷன் அந்தப் படகில் போனவன். உடம்பு கூடக் கிடைக்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை. அவள் உதடு பிரிவதைத் தின்சா பார்த்தாள். கேமரா அவள் பக்கம் வந்துகொண்டிருப்பதையும் பார்த்தாள்.

“சேர்மன் மச்சான்!” என்றாள் தின்சா, மைக்கில். பேட்டை முழுக்கக் கேட்டது. “சேர்மன் மச்சான்! நூறு பேரை ஏத்தினான்! பாதிப் பேரு வரலை!”

கேமரா சடாரென்று மேடைக்குத் திரும்பியது. ஊ தேய்ன் ஹான் எழுந்தார். மடியிலிருந்த காகிதம் சேற்றில் விழுந்தது. பின்வரிசையில் ஒரே ஒரு குரல், நடுங்கிக்கொண்டு, “சேர்மன் மச்சான்” என்று திருப்பிச் சொன்னது. ப்யே சோன். அப்புறம் மைக்கின் வயரை யாரோ பிடுங்கினார்கள்.

படியிறங்கும் இடத்தில் அதிகாரி காத்திருந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடச் சலிப்புதான் இருந்தது.

“கேள்வியோட நின்னிருக்கலாம்ல? உனக்காகத்தானே விட்டுவெச்சேன்.”

“எனக்காகவா ஸயா?” என்றாள் தின்சா.  இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கமாக அவளை வண்டிக்குக் கூட்டிப்போனார்கள். கூட்டம் வழிவிட்டது. மனதில் ஒரு மூலையில் நிம்மதி. மியா யின் தப்பித்தாள்.

வண்டிக் கதவருகே அந்த மியா யினே குறுக்கே வந்து நின்றாள். நனைந்த தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் தின்சா.

“நான் சொல்ல வந்தேன்” என்றாள் மியா யின். “வாயைத் திறந்தேன். ஏன் முந்திக்கிட்ட?”

“கேமரா உன் மேல திரும்புச்சு, மியா யின். வீட்டுல புள்ள இருக்கு...”

“என் புள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதா? படகு கவுந்ததுலேருந்து எல்லாரும் என்னைப் பேசாத, பேசாதன்னுதான் சொல்றாங்க. சேர்மன் ஆளும் அதத்தான் சொன்னான். என் அம்மாவும் அதத்தான் சொல்றா. இப்ப நீயுமா?”



“நகரும்மா” என்று போலீஸ்காரன் தோளைத் தொட்டான். மியா யின் அவனைப் பார்க்கவில்லை. கேமராக்காரன் எங்கே என்று தேடி, அவனுக்கு நேராகப் போய் நின்றாள். கன்னத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள், முகம் சரியாக விழட்டும் என்று.

“என் புருஷன் பேரு வின் ஸோ. சந்தைத் துறையில மூட்டை தூக்கினவரு. அந்தப் படகுலதான் போனாரு. பதிவாகுதா?”

கேமராக்காரன் தன் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் நிற்பதுபோல வந்து நின்றார்.