மூன்றாம் நாள் பால்

அன்னக்கிளி பெரிய வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஏழு மாதக் கர்ப்பம். மஞ்சள் காமாலை என்று சேர்த்திருந்தார்கள். கடைசியில் புருஷன் யார், அம்மா யார் என்றுகூடத் தெரியாமல் கிடந்தாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று.

சித்திரை பிறக்கப்போகிற வெயில். உடம்பை வைத்திருக்க முடியாது என்று அன்று மாலையே அடக்கம் செய்தார்கள். பெரிய வெள்ளி என்பதால் பூசை இல்லை, மணியும் இல்லை. சனிக்கிழமை இரவு ஈஸ்டர் பூசையான பாஸ்கா வரைக்கும் கோயில் மணி அடிக்கக் கூடாது. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஒருவர் முன்னால் நடந்தார். அந்தச் சத்தம் அவள் புருஷன் ரெனேவுக்கு, யாரோ பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டே கூட வருவதுபோல இருந்தது.

ரெனே முதலியார்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். அன்னக்கிளியின் அப்பா கோவிந்தசாமி மில் தொழிலாளி. அவருடைய பழைய மர்ஃபி ரேடியோவைச் சரிபார்க்க எடுத்துக்கொண்டு வந்தவள்தான் அன்னக்கிளி. சரியான பிறகும் சரியாகவில்லை என்று இரண்டு முறை வந்தாள். எழுபத்து மூன்றாம் வருடம் ஞானஸ்நானம் வாங்கி, மரி என்று பேர் வைத்துக்கொண்டு, அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கே கோவிந்தசாமி தெருக்குழாயில் நின்று தலை முழுகினார். "எம்பொண்ணு செத்துட்டா," என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி சொன்னார். அவள் அம்மா தையல்நாயகி மட்டும் மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், புருஷனுக்குத் தெரியாமல், மகளைப் பார்த்துவிட்டுப் போவாள். அடக்கத்துக்கும் அவள்தான் வந்தாள். கோவிந்தசாமி வரவில்லை. ஒருமுறை அழுது முடித்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தையல்நாயகி ரெனே வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"நாளைக்கு மூணாம் நாளு, சம்மந்தியம்மா. பால் ஊத்தணும்," என்றாள்.

ரெனேவின் அம்மா ஜொசியான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

"அதெல்லாம் நம்ம வேதத்துல கெடையாதும்மா. அவ ஞானஸ்நானம் வாங்கனவ. அவளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு."

"ஒரு சொம்புப் பாலுதான்."

"நாளைக்கு ஈஸ்டர். நாலு பேரு கல்லறைக்கு வருவாங்க. என்னா நெனப்பாங்க?"

தையல்நாயகி உள்ளே சுவர் ஓரமாகப் படுத்திருந்த மருமகனை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயிலில் நடந்து போனாள்.

ரெனே கோயில் பாடகர் குழுவில் பதினாறு வயதிலிருந்து பாடுகிறவன். பாஸ்கா இரவில் விளக்கெல்லாம் ஒன்றாக எரியும்போது முதல் அல்லேலூயாவை எடுத்துக் கொடுப்பது அவன் குரல்தான். அந்த வருடம் அவன் போகவில்லை. படுத்த இடத்திலிருந்தே மணிச் சத்தத்தைக் கேட்டான். நேற்று அவளுக்கு அடிக்காத மணி இப்போது நிற்காமல் அடித்தது. காதைப் பொத்திக்கொண்டான்.

காலையில், வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில், கால் போன போக்கில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். இரும்புக் கதவுக்கு வெளியே தையல்நாயகி குந்தியிருந்தாள். மடியில் ஒரு சொம்பு. அதன் வாயை வாழை இலையால் மூடிக் கட்டியிருந்தாள்.

"எப்ப வந்தீங்க அத்த?"

"இருட்டோட வந்துட்டேன். சங்கிலி போட்டிருக்கு. யாரு தொறந்து வுடுவாங்கன்னு ஒக்காந்திருக்கேன்."

ரெனே சங்கிலியைத் தொட்டுப் பார்த்தான். பூட்டு இல்லை. கொக்கியில் சும்மா மாட்டியிருந்தது.

"பூட்டல அத்த. நீங்களே எடுத்திருக்கலாம்."

"உங்க எடம். நான் எப்பிடித் தொடறது?"

உள்ளே போனார்கள். மண்மேட்டின் மேல் வெள்ளிக்கிழமை போட்ட மாலைகள் கருகிக் கிடந்தன. தையல்நாயகி அவற்றை ஒதுக்கினாள். காய்ந்து வெடித்திருந்த மண்ணைக் கையால் தடவி, சின்னப் பிள்ளையின் நெற்றியைத் துடைப்பதுபோலச் சமன்படுத்தினாள். பிறகு தலைமாட்டிலிருந்து பாலை ஊற்றினாள். மண் ஒரு நொடியில் குடித்துவிட்டது.

"குடிச்சிக்கடி கண்ணு," என்றாள். "ரெண்டு பேரும் குடிங்க."

ரெனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "ராத்திரி உங்க கோயில்ல மணி அடிச்சிதே."

"அவரு உயிர்த்தெழுந்த நேரம் அத்த."

"கிளி சொல்லியிருக்கா. செத்தாலும் ஒரு நாளு எழுந்திருப்போம்மான்னா. போடி இவளேன்னு சிரிச்சேன்." சொம்பைப் பக்கத்தில் வைத்தாள். "அவரு எழுந்திரிச்சத மொதல்ல யாரு பாத்தது?"

ரெனேவுக்குப் பேசப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொம்பள. மரின்னு பேரு. விடிகாலையில வாசனைச் சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு, ஒடம்புக்குப் பூசலாம்னு கல்லறைக்குப் போனா."

"மூணாம் நாளா?"

"ஆமா."

"அப்ப உங்கள்லயும் செஞ்சிருக்காங்க," என்றாள் தையல்நாயகி.

ரெனே அவளைப் பார்த்தான். அவள் அதை வாதத்துக்காகச் சொல்லவில்லை.

"போனா, கல்லறை காலியா இருந்திச்சு. யாரோ ஒடம்பத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு அங்கியே நின்னு அழுதா. அப்பறந்தான் அவரு வந்தாரு."

தையல்நாயகி மண்ணில் பால் ஊறிய ஈரத்தையே பார்த்தாள்.

"அவ குடுத்து வச்சவ மாப்ள," என்றாள். "அவ போனப்ப காலியா இருந்திச்சு. இங்க காலியா இல்லியே. எம்பொண்ணு இங்கதான கெடக்கறா."

வெறுமையான கல்லறையைப் பற்றி ரெனே வருடாவருடம் பாடியிருக்கிறான். அது சந்தோஷச் செய்தி என்பதில் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. நிரம்பிய கல்லறை ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் காதில் அது எப்படி விழும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நம்புங்க அத்த, அவரு எழுந்ததால இவளும் எழுவா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அன்னக்கிளி இறந்த பிறகு அவன் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

தையல்நாயகி அவன் முதுகில் கை வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், தெரிஞ்சா சொல்லு. அவ எழுந்திருக்கறப்ப புள்ள கையில இருக்குமா, வயித்துலயே இருக்குமா?"

"தெரியல அத்த."

"வயித்துலயே இருந்தா பாவம், அவளுக்குக் கனமா இருக்கும். அதுவரைக்கும் சொமந்துகிட்டே கெடப்பாளே." தயங்கினாள். "எங்கள்ல புள்ளத்தாச்சி செத்தா சொமதாங்கி வைப்பாங்க. தலையில சொமையோட போறவங்க அதுமேல எறக்கி வச்சா, இவளுக்கும் சொம எறங்கும்னு சொல்லுவாங்க. உங்க மாமா வைக்க மாட்டாரு. நீ வைப்பியா?"

"வைக்கறேன்," என்றான் ரெனே. அம்மா என்ன சொல்வாள், கோயில் சாமியார் என்ன சொல்வார் என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஜொசியான் காலைப் பூசை முடிந்து வந்திருந்தாள். அவன் விஷயத்தைச் சொன்னான்.

"மோன் தியே, ஆண்டவரே! கல்லு நடறதா? பாலு ஊத்த வேணாம்னு சொன்னா, நீ கல்லு நடப் போறியா? அவ மோட்சத்துல இருக்கறாடா. அவளுக்கு என்னா சொம?"

"அவளுக்கு இல்லம்மா. அவங்க அம்மாவுக்கு."

"சாமியாரு கேட்டா?"

"கேக்கட்டும்."

ஜொசியான் அடுப்படிக்குள் போனாள். பாத்திரங்களை எடுத்தாள், வைத்தாள். ரெனேவுக்கு அப்பா முகம் தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இந்தோசீனாவுக்குப் போனவர். அங்கேயே செத்துவிட்டார் என்று தாள்தான் வந்தது. ஜொசியான் அந்தப் பென்ஷனில்தான் மகனை வளர்த்தாள். அவரைப் பற்றி அவள் பேசி அவன் கேட்டது குறைவு.

அடுப்படிக்குள் இருந்தபடியே சொன்னாள்.

"உங்கப்பாவ எங்க பொதச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. சேத்துலயா, காட்டுலயா. கல்லற மந்திரிக்கற நாளுக்கு எல்லாரும் மெழுகுவத்தி வாங்கிக்கிட்டுப் போவாங்க. நானும் வாங்குவேன். எங்க ஏத்தறதுன்னு தெரியாம யாரோ ஒருத்தர் கல்லறையில ஏத்திட்டு வந்துருவேன். அவரு எழுந்திருப்பாருன்னு நம்பறேன். நம்பாம இல்ல. ஆனா ஒரு கல்லு இருந்திருந்தா, போயி ஒக்காந்திருப்பேன்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நல்ல கல்லா வாங்கு," என்றாள்.

வீராம்பட்டினத்திலிருந்து மீன் கூடை சுமந்து வரும் பெண்கள் நடக்கிற பாதையில், ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் சுமைதாங்கி நட்டார்கள். இரண்டு கருங்கல் தூண், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். அதில் பேர் வெட்ட வேண்டாம் என்று தையல்நாயகி சொல்லிவிட்டாள். கல்லை நிறுத்தும்போது எதிர்ப்பக்கம் கோவிந்தசாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதை ரெனே பார்த்தான். வருவார் என்று நினைத்தான். மேல்கல்லைத் தூக்க ஒரு ஆள் குறைந்தது. ரெனே அவரையே பார்த்தான். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தம்பி வீட்டுக்குப் போகும்போதுகூட அந்த வழியை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு அவர் சுற்றுவழியில்தான் போகிறார் என்று தையல்நாயகி பிற்பாடு சொன்னாள். வீட்டில் அந்த மர்ஃபி ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாராம்.

சாமியார் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் அந்த வழியாக மொபெட்டில் போனவர், கல்லைப் பார்த்து நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு போனதாக யாரோ சொன்னார்கள்.

ரெனே பாடகர் குழுவுக்குத் திரும்பவில்லை. ஞாயிறு பூசைக்கு மட்டும் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நிற்பான். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, உடலின் உயிர்ப்பு என்கிற இடம் வந்தால் அவன் வாய் நின்றுவிடும். ஜொசியான் அதே வரியின் பழைய பாடத்தை விடாதவள். "சரீர உத்தானம்" என்று அந்த இடத்தை மட்டும் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொல்வாள். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்வதுபோல இருக்கும்.

அடுத்த ஈஸ்டர் காலையில் அவன் கல்லறைக்குப் போனபோது தையல்நாயகி ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கனகாம்பரம் கொண்டு வந்திருந்தாள். மில்லில் ஆள் குறைப்பதாகப் பேச்சு இருந்தது. அவள் இளைத்திருந்தாள். இரண்டு பேரும் சாப்பாடு, உடம்பு என்று விசாரித்துக்கொண்டார்கள்.

"இன்னைக்குத்தான அவரு எழுந்திரிச்ச நாளு? அதான் வந்தேன்," என்றாள். "யாராச்சும் எழுந்தாங்களா?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்ல அத்த."

"வர்றன்னிக்கு வரட்டும்." கனகாம்பரத்தைத் தலைமாட்டில் பரப்பினாள். "உங்க சாமி எப்பிடி எழுப்புவாரு? தொட்டா, கூப்புட்டா?"

"கூப்புடுவாருன்னுதான் எழுதியிருக்கு."

தையல்நாயகியின் முகம் கவலையாக மாறியது.

"ஐயோ மாப்ள, ஒனக்குத் தெரியாதா அவளப் பத்தி? மில்லு சங்கு ஊதும், பக்கத்து வீடெல்லாம் எழுந்துரும், இவ அசைய மாட்டா. பத்து தடவ கூப்புடுவேன். காலப் புடிச்சி இழுப்பேன். இந்தா எழுந்துட்டேம்மான்னு சொல்லிட்டு மறுபடியும் தூங்குவா."

ரெனேவுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் அவனும் அப்படித்தான் எழுப்பியிருக்கிறான். சிரிப்பு பாதியிலேயே உடைந்து, கண் நிறைந்துவிட்டது.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கோயிலுக்குப் போறவன். நீ சொன்னா அவரு கேப்பாரு. ஒரு தடவ கூப்புட்டுட்டு எழுந்திருக்கலன்னு வுட்டுடப் போறாரு. பொறுத்துக்கச் சொல்லு. பத்து தடவ கூப்புடச் சொல்லு மாப்ள."

"சொல்றேன் அத்த," என்றான் ரெனே.

வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.