பங்கிராஸ் ராஜாவின் கிரீடம் ஏலத்துக்கு வந்த கதை

1

இந்தக் கதை அன்னவாசலில் ஒரு சலூன் நாற்காலியில், முகத்தில் பாதி நுரையோடு நான் உட்கார்ந்திருந்தபோது பிறந்தது. போனில் ரோமாபுரி வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பேரரசனைக் கொன்றுவிட்டு, மெய்க்காவல் படையே அரியணையை ஏலம் விட்டதாம். படை தங்கியிருந்த பாளையத்துக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், இருவரிடமும் மாறி மாறி விலை கேட்டார்களாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஆடாதீங்க சார், காது போயிரும்" என்றார் சவரம் செய்தவர்.

காதைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதினேன்: "கி.பி. 193. ரோமாபுரியில் வெயில்…"

வேண்டாம். அந்த வெயில் எனக்குத் தெரியாது. ஆவூர்ப் பக்கத்து வெயில் தெரியும்.

2

ஆவூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், சொல்லவில்லை. செபஸ்தியார் திருவிழாவுக்கு அங்கே நாடகம் உண்டு. புனிதரை அம்பெய்து கொல்லச் சொல்லும் பேரரசன் தியோக்கிளேசியனாக வருபவர் பங்கிராஸ்.* கடலை விவசாயி. வீட்டில் கோழியைக்கூட அதட்டத் தெரியாது. மேடையேறினால் கைக்குழந்தைகள் வீறிடும்.

இந்த வருஷம் முழங்கால் மக்கர் செய்கிறது. சிம்மாசனத்திலிருந்து எழுப்பச் சேவகர்கள் வேண்டியிருக்கிறது. இந்த நாடகத்தோடு சரி, இனி வாரிசு தேவை.

[இங்கே பங்கிராஸ் தனியாக அழுவதாக ஒரு பத்தி இருந்தது. அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. எடுத்துவிட்டேன்.]

* அதே பேரரசன் காலத்தில் தலை வெட்டப்பட்ட ஒரு சிறுவனின் பெயரும் பங்கிராஸ்தான். பெயர் வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மாற்ற மனசில்லை.

3

ரோமாபுரியில் பேரரசனாவதற்கு, பெற்ற மகனாக இருக்கலாம், தத்துப்பிள்ளையாகப் போகலாம், இல்லையென்றால் படை தூக்கி வைக்க வேண்டும். நிஜத் தியோக்கிளேசியன் படை தூக்கி வைத்த ஆள். கடைசியில் தானாகவே இறங்கிப்போய் முட்டைக்கோஸ் போட்டான். பங்கிராசுக்குக் கடலைக்கொல்லை இருக்கிறது, இறங்குவதில் வருத்தமில்லை. அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். மகன் ஜெஸ்வின் ஏற வேண்டும். கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தவனிடம் கேட்டார்.

"ஏப்பா, வசனம் பூரா ஒனக்கு மனப்பாடந்தானே?"

"மனப்பாடந்தாம்ப்பா. அடுத்த வருசம் லீவு கெடைக்குமோ என்னமோ. வேற யாரையாச்சும் பாருங்க."

பங்கிராஸ் "சரிப்பா" என்று மட்டும் சொன்னார்.

படைச் சேவகர் வேஷம் கட்டும் பையன்களோ தங்களில் ஒருவனான ஜோஸுக்கு அதற்குள் கோஷம் போட ஆரம்பித்திருந்தார்கள். படை என்றால் எல்லா ஊரிலும் படைதான்.

ஜெஸ்வின் சொன்னது சாக்கா, நிஜமா? உண்மையைச் சொன்னால், இந்த வரி வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அவன் முகத்தில்…

[முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடுவோம்.]

4

திருவிழாக் காலை. நாடகக் கிரீடத்தை மந்திரித்து ஆசி வாங்குவதற்காகக் கோயிலுக்குக் கொண்டுபோன பங்கிராஸ், அதைப் பீடத்துக்குப் பக்கத்து மேசையில் வைத்தார். அங்கே காணிக்கைப் பொருள்கள் இருந்தன. பூசணி, வாழைத்தார், கால் கட்டிய சேவல். பூசை முடிந்ததும் மேசையை அப்படியே முற்றத்துக்குத் தூக்கிவந்து ஏலம் விடுவது வழக்கம். ஏலம் விடுகிற கோயில் உபதேசியார் சவரியப்பன் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். (மறக்கவைத்தது நான்தான். கதை நகர வேண்டாமா?) பூசணி போயிற்று, சேவல் போயிற்று. அடுத்து மைக்கில் முழங்கினார்.

"செபஸ்தியாருக்கு நேர்ந்த கிரீடம்! யாரு கேக்குறீங்க?"

"ஏங்க, அது…" என்று பங்கிராஸ் எழப் பார்த்தார். முழங்கால் பாதியிலேயே நிறுத்தியது. அதற்குள் செவந்தி விலை கேட்டுவிட்டாள். பக்கத்துக் கொல்லைக்காரி, நேர்ச்சைச் சேவலைக் கொடுக்க வந்தவள்.

"கவலப்படாதீங்கண்ணே! வெளியூர்க்காரன் தூக்குறதுக்கு முந்தி எடுத்து ஒங்க தலையிலயே வச்சுடுறேன். நீங்கதான் என்னைக்கும் ராசா!"

"நான் அதுக்கு மேல கேக்குறேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜெஸ்வின். கையைத் தூக்கியபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். செவந்தி ஏற்றினாள். அவனும் ஏற்றினான்.

"ஒனக்கெதுக்குடா? கத்தாருக்கா கொண்டுபோகப் போற?"

"எங்கப்பா கிரீடம் அத்தை. வேற எவன் தலையிலயும் பாக்க முடியாது. லீவு தராட்டி சண்ட போட்டுக்கிட்டு வாரேன்."

அது ஏலப் பொருளே இல்லை என்று பங்கிராஸ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். சந்தோஷம் தாங்காமல் சிரிக்க ஆரம்பித்தார்.

5

ஜெஸ்வின் ஜெயிப்பதாக எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. செவந்தி ஜெயித்து, முழங்காலோடு பங்கிராசே இன்னொரு வருஷம் ஆள்வதாக எழுதினேன், அதுவும் நன்றாக இருந்தது. கடுப்பில் சேவகர்கள் மேசையோடு கிரீடத்தைத் தூக்கி

[இது வேண்டாம். நல்ல நாளும் அதுவுமாக.]

சவரியப்பன் "ஒரு தரம்" என்கிறார். கடைசியாகக் கேட்டது ஜெஸ்வின். செவந்தி மணிபர்ஸைத் திறந்து எட்டிப்பார்க்கிறாள்.

"ரெண்டு தரம்."

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். எனக்குப் படையும் இல்லை, இந்தக் கதைக்கு வாரிசென்று யாரையும் எழுதி வைக்கவும் இல்லை. மைக்கை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் தரம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ஆனால் அவசரப்படாதீர்கள். பங்கிராஸ் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.